மூன்றாவது கேள்வி

ஆற்றங்கரை
மே 2

அன்புள்ள அப்பாவுக்கு,

வாலு பத்திரமாக வந்து சேர்ந்தது. உடம்பும் கூடவே வந்தது.

சொல்லாமல் கிளம்பிவிட்டேன் என்று உங்களுக்குக் கோபம் இருக்கும். எனக்கும் கோபம் இருந்ததால்தான் சொல்லாமல் கிளம்பினேன். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பூஜ்யம். பூஜ்யத்தில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

மாமா கொட்டகையில் கறுப்பு டியூப்களை யானைக்கு வளையல் அடுக்கிய மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார். சுவரோரம் கயாக் படகுகள், துடுப்புகள், ஆணி ஆணியாக லைஃப் ஜாக்கெட்டுகள். ஜாக்கெட்டுகளில் மட்டும் ஊரில் உள்ள அத்தனை பேருடைய ஈரக் காலுறை வாசனையும் குடியிருக்கிறது. விடுமுறைக்கு வருகிறவர்கள் மேல்துறையில் டியூபில் உட்கார்ந்தால் தண்ணீரே அவர்களைக் கீழ்த்துறையில் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கே மாமாவின் வேன் காத்திருக்கும். துடுப்புப் போடத் தெரிந்தவர்களுக்குக் கயாக். நடுவில் பெரும்பாலும் தூங்குமூஞ்சி ஆறுதான். அடியில் கிடக்கும் கூழாங்கல் பளிச்சென்று தெரியும். ஒரே ஓர் இடத்தில் பாறைகளுக்கு நடுவே சீறிக்கொண்டு இறங்கும். மாமா அதற்கு வைத்திருக்கும் பெயர் 'மாமியார்'. தலையைக் குனிந்துகொண்டு, வாயை மூடிக்கொண்டு, கைகாலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஒன்றும் செய்யாதாம். அத்தை பக்கத்தில் இல்லாதபோது மட்டும் இந்தப் பெயரைச் சொல்கிறார்.

எனக்கு மிதப்பு ஜாஸ்தி என்று திட்டுவீர்களே, இங்கே அதுவே தொழில். துடுக்கு ஏற்கெனவே இருந்தது. இப்போது துடுப்பும் கொடுத்துவிட்டார்கள்.

முதல் நாளே ஒரு மரக்கட்டையைக் காட்டி "முதலை!" என்று கத்தினேன். அத்தனை பேரும் அத்தனை வேகமாகத் துடுப்புப் போட்டு மாமா பார்த்ததே இல்லையாம். "இன்னொரு தடவை கத்தினே, உன்னையே அந்தக் கட்டையில கட்டி விட்டுடுவேன்" என்றார். அதிலிருந்து நான் வாயைத் திறந்தாலே எல்லோரும் முதலில் சிரித்துவிட்டுத்தான் என்ன என்று கேட்கிறார்கள்.

போதும். விஷயத்துக்கு வருகிறேன்.

அன்றைக்குக் காலையில் சமையலறையில் என்னோடு பேசிக்கொண்டே இருந்தீர்கள். பாதி வார்த்தையில் நின்றுவிட்டீர்கள். கண் திறந்திருந்தது. ஆனால் உள்ளே ஆள் இல்லை. டம்ளர் விழுந்தது. அலமாரியில் சாய்ந்து அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். நீங்கள் எனக்கு ஏதோ வேடிக்கை காட்டுகிறீர்கள் என்று நினைத்து நான் கை தட்டினேன், அப்பா. அதை மறக்கவே முடியவில்லை.

"சரியா தூக்கமில்லை, அவ்வளவுதான். அம்மாகிட்ட மூச்சு விடாதே. இந்த வாரமே டாக்டரைப் பார்க்கிறேன்" என்றீர்கள். நான் மூச்சு விடவில்லை. நீங்கள் பார்த்தீர்களா?

போனில் கேட்கலாம் என்றால் இங்கே போன் மேட்டுக்கடையில்தான். கடைக்காரர் இரண்டு காதையும் கல்லாமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பக்கம் அம்மாதான் எடுப்பாள். அதனால் கடிதம்.

இப்படிக்கு,
உங்கள் வாலு

&nbsp;

வீடு
மே 7

வாலுக்கு,

கடிதம் கிடைத்தது. நல்லவேளை, அம்மா கடைக்குப் போயிருந்தாள். இல்லாவிட்டால் அவள்தான் பிரித்திருப்பாள். இனிமேல் டிப்போ விலாசத்துக்கு எழுது. நன்றாக ஒட்டி அனுப்பு.

எனக்கு ஒன்றும் இல்லை. அன்றைக்கு வெறும் வயிற்றில் இருந்தேன். காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் இரண்டும் சேர்ந்து வந்த வாரம் அது. வண்டியே சூடேறினால் ஓரிடத்தில் நிற்கும். மனுஷன் நிற்கக் கூடாதா? டாக்டரைப் பார்க்க நேரம் அமையவில்லை. பார்க்கிறேன்.

மாமாவுக்குத் தொந்தரவு கொடுக்காதே. முதலை விளையாட்டெல்லாம் வேண்டாம்.

இன்னொன்று. டிப்போவில் எல்லோரும் குடும்பத்தோடு ஒரு நாள் எங்கேயாவது போகலாம் என்று பேசினார்கள். எங்கே என்று இடம் தேடும்போது என் பஸ் கண்டக்டர், உன் விசில் சித்தப்பா, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "நம்ம டிரைவர் மச்சான் ஆத்துல மிதக்க விடுறாராமே" என்று போட்டுவிட்டான். முடிவாகிவிட்டது. இருபத்தேழாம் தேதி சனிக்கிழமை வருகிறோம். மாமாவிடம் சொல்லிவை. வண்டியை நான்தான் ஓட்டி வருவேன்.

ரொம்ப நாளாயிற்று தண்ணீரில் இறங்கி.

அப்பா

&nbsp;

ஆற்றங்கரை
மே 11

அப்பா,

எனக்குத் தண்ணி காட்டாதீர்கள். இங்கே தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை.

'பார்க்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது நான் படிக்கிறேன் என்று சொல்வது மாதிரியே இருக்கிறது.

இப்போது கவனமாகக் கேளுங்கள். யாரையும் தண்ணீரில் இறக்குவதற்கு முன்னால் மாமா மேல்துறையில் வரிசையாக நிற்க வைத்து மூன்று கேள்வி கேட்பார். நீச்சல் தெரியுமா? குடித்திருக்கிறீர்களா? மயக்கம், வலிப்பு, நெஞ்சுவலி எப்போதாவது வந்ததுண்டா? ஒவ்வொருவரும் வாயைத் திறந்து எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. முதல் கேள்விக்கு 'தெரியாது' என்றால் டியூப் மட்டும், கயாக் கிடையாது. மற்ற இரண்டில் எதற்கு 'ஆமாம்' என்றாலும் அன்றைக்குக் கரைதான். கெஞ்சினாலும் சரி, மேனேஜராகவே இருந்தாலும் சரி.

மாமா கேட்டால் எல்லோரும் முறைக்கிறார்கள். போலீஸ்காரர் மாதிரி கேட்கிறாராம். அதனால் போன வாரத்திலிருந்து அந்த வேலை எனக்கு. "அங்கிள், கல்யாணத்தன்னிக்கு வந்த மயக்கமெல்லாம் கணக்குல சேராது, அதுக்கப்புறம் வந்ததைச் சொல்லுங்க" என்பேன். சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். மாமாவுக்கே ஆச்சரியம். எனக்கும்தான்.

ஆனால் நேற்று ஒருவர் சொல்லவில்லை. தடியான ஆள், மனைவி முன்னால் "எனக்கா? சேச்சே" என்றார். மாமியாரைத் தாண்டியதும் டியூபில் தலை தொங்கிவிட்டது. நல்லவேளை மாமா கயாக்கில் பக்கத்தில் இருந்தார். கரையில் போட்டதும் கண் விழித்து, "நான் தூங்கிட்டேனா?" என்று கேட்டார். அவர் மனைவி அடித்த அடியில் மறுபடி மயங்கியிருப்பார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் கேட்ட கேள்வி அன்றைக்குச் சமையலறைத் தரையில் நீங்கள் கேட்டதேதான்.

ஆற்றோரம் உட்கார்ந்திருந்தும் மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. அப்பா, வராதீர்கள். அல்லது வாருங்கள், டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள். அதுவும் இல்லையா, வந்து கரையில் உட்காருங்கள். காதுவலி என்று சொல்லுங்கள். நான் பஞ்சு எடுத்து வைக்கிறேன்.

வாலு

&nbsp;

டிப்போ
மே 16

வாலுக்கு,

இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டு மூன்றாவதாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். டிப்போ பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கேட்டதால் சொல்கிறேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. இன்னொரு தடவை வந்தது. கடைசி நிறுத்தத்தில், எல்லோரும் இறங்கிய பிறகு, என்ஜினை அணைத்த பிறகு. விசில் சித்தப்பா ஜன்னலைத் தட்டினான். "என்ன தொட்டில், நீயே தூங்கிட்டியா?" என்றான். டிப்போவில் என்னைத் தொட்டில் என்பார்கள் என்று உனக்குத் தெரியுமல்லவா? என் வண்டியில் கம்பியைப் பிடித்து நிற்கிறவர்கள்கூடத் தூங்கிவிடுவார்கள். அவனும் அப்படியே நினைத்துக்கொண்டான். நானும் சிரித்து வைத்தேன்.

என்ஜின் அணைந்த பிறகு வந்தது. அதைத்தான் திரும்பத் திரும்ப எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

டாக்டரிடம் ஏன் போகவில்லை என்றால், போனால் எழுதிக் கொடுப்பார். எழுதிக் கொடுத்தால் டிப்போவுக்கு வரும். வந்தால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். ஒன்பதாம் ரூட்டில் ஓட்டிக்கொண்டிருந்த உன் பெரியப்பாவுக்குக் கண் மங்கியது. இப்போது டயர் கிடங்கில் உட்கார்ந்திருக்கிறார். அவரை யாரும் டிரைவர் என்று கூப்பிடுவதில்லை. 'டயர்' என்கிறார்கள். கேலிக்குத்தான். அவரும் சிரிக்கிறார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல்தான் அந்தப் பக்கம் போவேன்.

இந்தக் கை நீ பிறப்பதற்கு முன்பிருந்தே ஸ்டீயரிங்கைப் பிடித்த கை. அது இல்லாமல் இதை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியாது. உனக்குப் புரிகிறதோ இல்லையோ.

சனிக்கிழமை நான் வராமல் இருக்க முடியாது. ஆற்றை நீந்திக் கடந்தவன் என்று சின்ன வயசுக் கதையெல்லாம் டிப்போ முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் காதில் பஞ்சோடு கரையில் உட்கார்ந்தால் விசில் சித்தப்பாவுக்கு அந்த ஜன்னல் தட்டியது ஞாபகம் வந்துவிடும். மேனேஜரும் குடும்பத்தோடு வருகிறார்.

ஒன்று மட்டும் செய். அந்தக் கேள்வியை எனக்கு நீ கேட்காதே. மாமாவைக் கேட்கச் சொல்.

அப்பா

&nbsp;

ஆற்றங்கரை
மே 20

அப்பா,

உங்கள் கடிதத்தைக் கயாக்கில் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்தபோது படகு நாணலுக்குள் போய்ச் சொருகிக்கொண்டிருந்தது.

மூன்று நாளாகத் திட்டம் போடுகிறேன். உங்கள் அளவு ஜாக்கெட்டை ஒளித்து வைக்கலாம். உங்கள் டியூபில் மட்டும் ஆணி குத்தலாம். உங்கள் செருப்பை ஆற்றில் விட்டு, நீங்கள் அதைக் கரையோரமாகத் துரத்திக்கொண்டே கீழ்த்துறை வரை ஓடும்படி செய்யலாம். மேனேஜர் மனைவியின் தொப்பிக்குள் தவளையை விட்டு, எல்லோரும் கோபித்துக்கொண்டு திரும்பிப் போகும்படி செய்யலாம். எல்லாமே நல்ல திட்டங்கள். தவளைகூடப் பார்த்து வைத்துவிட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. நேற்றுத் துடுப்புகளைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, சும்மா இருக்கும்போது, உறைத்தது.

உங்களை ஆற்றில் இறங்கவிடாமல் செய்து நான் என்ன கிழிக்கப் போகிறேன்? ஆற்றில் நீங்கள் ஒருவர். லைஃப் ஜாக்கெட் இருக்கிறது, மாமா இருக்கிறார், நான் இருக்கிறேன். பஸ்ஸில்? காலை ஷிப்டில் உங்கள் பக்கத்து என்ஜின் மூடிமேல் பள்ளிக்கூடப் பை அடுக்கி வைத்திருப்பார்களே, அந்தப் பைகளின் சொந்தக்காரர்கள் எல்லாம் எங்கே நிற்பார்கள்? உங்கள் முதுகுக்குப் பின்னால்தானே? நானும் அப்படித்தானே நின்று போனேன்?

இத்தனை நாள் நான் உங்களுக்காக மட்டும் பயந்துகொண்டிருந்தேன் என்று நினைக்கவே வெட்கமாக இருக்கிறது. அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் இங்கே வந்து மரக்கட்டையைக் காட்டி முதலை என்று கத்திக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டேன். பிறகு கிழித்துவிட்டேன். என்னிடம் மட்டும் சொன்னீர்கள், என்னிடம் மட்டும்தான் சொன்னீர்கள் என்பது கையைப் பிடித்துக்கொள்கிறது.

மாமாவைக் கேட்கச் சொல்ல மாட்டேன். அவர் கேட்டால் நீங்கள் 'இல்லை' என்று சொல்லிவிடுவீர்கள். நான்தான் கேட்பேன். என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

வாலு

&nbsp;

டிப்போ
மே 23

வாலுக்கு,

சனிக்கிழமை வருகிறோம்.

கேட்காதே என்றால் கேட்காதே. பெற்றவன் சொல்கிறேன்.

அம்மா உனக்கு இரண்டு துண்டும் எண்ணெயும் கொடுத்து அனுப்புகிறாள். அவளுக்கு அன்றைக்கு உன் பெரியம்மா வீட்டில் வேலை இருக்கிறது, வரவில்லை.

அப்பா

&nbsp;

ஆற்றங்கரை
மே 28, ஞாயிறு

அப்பா,

உங்களுக்குக் கோபம் என்று தெரியும். படிக்காமல் கிழித்தாலும் பரவாயில்லை. எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை.

நான் வேண்டுமென்றுதான் உங்களைக் கடைசியில் வைத்தேன். எல்லோரிடமும் கேட்டு வரும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு கேலி இருந்தது. விசில் சித்தப்பாவிடம், "தண்ணிக்குள்ள ரெண்டு விசில் கொடுத்தா ஆறு கிளம்பிடாது சித்தப்பா" என்றேன். மேனேஜர்கூடச் சிரித்தார். உங்கள் முன்னால் வந்ததும் எனக்குக் கேலி எதுவும் வரவில்லை. கேள்வி மட்டும் வந்தது.

"இல்லை" என்றீர்கள். என் முகத்தைப் பார்த்து இல்லை. என் தலைக்கு மேல் ஆற்றைப் பார்த்து.

"இவருக்கு உண்டு. மாமா, இவரை இறக்காதீங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்களே, அப்பா! "வாலு அப்பனையே வாருது பாரு" என்று விசில் சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மாமா என் தலையில் ஒரு குட்டு வைத்து, "முதலைக்கப்புறம் இதுவா?" என்றார். நான் திரும்பத் திரும்ப "நெஜமாத்தான்" என்று சொல்லச் சொல்லச் சிரிப்பு ஏறிக்கொண்டே போனது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நீங்களும் சிரித்தீர்கள். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு டியூபில் உட்கார்ந்தீர்கள்.

மாமாவிடம் கெஞ்சி ஒரு கயாக்கை எடுத்துக்கொண்டு உங்கள் பின்னாலேயே வந்தேன். நேற்று ஆறு எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. உங்கள் பின்மண்டையை மட்டும்தான் பார்த்தேன். கொஞ்சம் வழுக்கை விழுகிறது. மாமியார் வந்தது. நீங்கள் ராஜா மாதிரி தாண்டினீர்கள். மேனேஜர் பிள்ளையின் டியூப் சுற்றியபோது எட்டிப் பிடித்து நேராக்கி விட்டீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நான்தான் பைத்தியமோ என்று.

அகலமான இடத்தில், வெள்ளைப் பாறையருகே, பக்கத்தில் வந்து கூப்பிட்டேன். "அப்பா, மன்னிச்சிருங்க" என்றேன். நீங்கள் திரும்பவே இல்லை. மறுபடி கூப்பிட்டேன். பாறையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவ்வளவு வீம்பு. சரி, பேச வேண்டாம் என்றால் வேண்டாம் என்று நானும் பின்வாங்கிவிட்டேன்.

ஆற்றில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நீங்கள் தலை துவட்டிக்கொண்டு நேராகப் போய் டிரைவர் சீட்டில் ஏறியதைப் பார்த்ததும் எனக்கு மறுபடி பஸ் ஞாபகம் வந்துவிட்டது. உள்ளே குழந்தைகள் ஈரத் தலையோடு சீட்டுக்குச் சீட்டுத் தாவிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் முன்னால் போய் நின்றேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. திட்டமெல்லாம் போடவில்லை. ஹார்ன் அடித்தீர்கள். நகரவில்லை. மறுபடி அடித்தீர்கள். மாமா வந்து இடுப்போடு தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஜன்னல் ஜன்னலாகக் கை ஆட்டிச் சிரித்துக்கொண்டே போனார்கள். வளைவில் பஸ் மறைந்ததும் மாமா என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு நின்றது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

இன்று காலை மேட்டுக்கடைக்கு ஓடினேன். அம்மா எடுத்தாள்.

"அப்பா வந்துட்டாரா?"

"வந்துட்டாரு. குளிச்சிட்டுப் படுத்தவருதான், இன்னும் எழுந்திருக்கல. ஏன்டி குரல் ஒரு மாதிரியா இருக்கு?"

"நாளைக்குப் போவாராம்மா?"

"எங்க?"

"வண்டிக்கு."

"பின்னே? வீட்ல இருந்தே ஓட்ட அவரு என்ன ஆபீஸரா?"

கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் வரை வந்தது. வைத்துவிட்டேன். வைத்த கையாலேயே என்னை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

நாளைக்குத் திங்கட்கிழமை. காலை ஷிப்ட். இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்கும்போது திங்கள் போயிருக்கும். மாமா நாளை மதியம் வேனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன் என்கிறார். மதியம் என்றால் காலை ஷிப்ட் முடிந்திருக்குமே!

ஒரு வரி எழுதுங்கள். என்னைத் திட்டியாவது எழுதுங்கள்.

வாலு

&nbsp;

வீடு
மே 29, திங்கள்

வாலுக்கு,

வீட்டு விலாசம் போட்டிருக்கிறேன், பார். இனி எதையும் டிப்போவுக்கு எழுத வேண்டாம்.

உன் கடிதம் இன்னும் வரவில்லை. நீ எழுதியிருப்பாய், அதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இன்று காலை வண்டிக்குப் போகவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நீ வண்டிக்கு முன்னால் நின்றாயே. எனக்கு உன் முகம் தெரிந்தது. நீ குறும்பு செய்யும்போது இடது புருவம் தனியாக மேலே போகும். சின்ன வயசிலிருந்தே. அது மேலே போனால் எதையாவது ஒளித்து வைத்திருக்கிறாய் என்று அர்த்தம். சனிக்கிழமை இரண்டு புருவமும் கீழேதான் இருந்தன. வண்டிக்குள் அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் ஹார்ன் அடித்தேன். பெற்ற பிள்ளைக்கு ஹார்ன் அடித்தேன்.

ஏன் அங்கேயே நிறுத்தி இறங்கவில்லை என்று கேட்பாய். அங்கே இறங்கினால் நீ ஜெயித்ததாக ஆகிவிடும் என்று ஒரு ரோஷம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஆற்றில் உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது. வண்டியில் என்றால் எந்நேரமும் ஒரு கால் பிரேக்கிலேயே இருக்கும். தண்ணீரில் நான் எதையும் ஓட்ட வேண்டியதில்லை. மல்லாந்து படுத்துக்கொண்டே வந்தேன். வெள்ளையாக ஒரு பெரிய பாறை எதிரே வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்து நான் பார்த்தபோது அது எனக்குப் பின்னால் வெகுதூரத்தில் இருந்தது. நடுவில் இருந்த ஆறு என்னிடம் இல்லை. யாரும் கவனிக்கவில்லை. மிதந்துகொண்டிருந்ததால் மிதந்துகொண்டே இருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகும் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன், வாலு. அப்படிப்பட்ட ஆள் நான்.

வளைவைத் தாண்டியதும் கண்ணாடியில் குழந்தைகள் தெரிந்தார்கள். மேனேஜரின் பிள்ளை என் முதுகுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயால் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தான். ரோடு நேராக இருந்தது. நேரான ரோட்டில் எனக்கு வியர்த்தது. வெள்ளைப் பாறை மாதிரி அடுத்த மரம் வந்து, அது பின்னால் போய்விட்டால்?

ஓரம் கட்டி நிறுத்தினேன். யாரோ இறங்க வேண்டுமாக்கும் என்று விசில் சித்தப்பா பார்த்தான். யாரும் இறங்கவில்லை. இரண்டு விசில் கொடுத்தான். நான் எடுக்கவில்லை. மறுபடி கொடுத்தான். "என்னப்பா தொட்டில், மக பண்ணினது போதாதுன்னு நீயுமா?" என்று யாரோ கத்தினார்கள். சிரித்தார்கள். எழுந்து நின்றேன். என் மகள் விளையாடவில்லை, எனக்கு உண்டு என்று சொன்னேன். சாவியை எடுத்து விசில் சித்தப்பா கையில் கொடுத்தேன். அவன் அதை வாங்கத் தெரியாமல் வாங்கிக்கொண்டான். பின்சீட்டில் இருந்த ஏழாம் ரூட் டிரைவர் வந்து ஓட்டினார்.

நான் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் என் கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

நேற்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நறுக்கிக்கொண்டே இருந்தாள். எல்லாம் நறுக்கி முடித்த பிறகு, "அவளுக்கு மட்டும் தெரியும், எனக்குத் தெரியக் கூடாது" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் பேசவில்லை. நீ வந்து சமாதானப்படுத்து. என்னால் ஆகாது.

இன்று காலை டாக்டரிடம் போனோம். எட்டாம் தேதி தலையில் ஒயரெல்லாம் ஒட்டி ஏதோ எடுக்க வேண்டுமாம். சரியாகிவிடுமா என்று கேட்டேன். எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். மறுபடி ஓட்டலாமா என்று கேட்க வாய் வரவில்லை.

பயமாக இருக்கிறது. இந்த வயசில் எழுதுகிற வார்த்தை இல்லை. எழுதிவிட்டேன்.

மாமா இப்போதுதான் வேனில் வந்து இறங்குகிறார். முகத்தைப் பார்த்தால் எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறார். நீ சொல்லியிருப்பாய். சொன்னது நல்லதுதான். இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்து அனுப்புகிறேன்.

அப்பா

&nbsp;

ஆற்றங்கரை
மே 30

அப்பா,

மாமா கடிதத்தைக் கொடுத்தார். "படி" என்றார். கொட்டகைக்குப் பின்னால் போய்ப் படித்தேன்.

வீம்பு என்று நினைத்தேனே! வெள்ளைப் பாறையருகே கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்தேன். இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு, வீம்பு என்று நினைத்துக்கொண்டு பின்வாங்கினேனே! கண்ணை எடுக்காமல் உங்களையே பார்த்துக்கொண்டு வந்தவள் நான். எனக்கே தெரியவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரியும்?

உங்களைத் திட்ட நிறைய வைத்திருந்தேன். அதையெல்லாம் அப்படியே ஆற்றில் விட்டுவிட்டேன்.

நாளை மறுநாள் வேனில் வருகிறேன். மாமா கொண்டுவந்து விடுகிறார். அம்மாவைச் சமாதானப்படுத்துவது என் வேலை. அவள் இரண்டு நாள் என்னோடும் பேச மாட்டாள், அதற்கும் தயாராகத்தான் வருகிறேன். எட்டாம் தேதி நானும் ஆஸ்பத்திரிக்கு வருவேன். ஒயர் ஒட்டும்போது உங்கள் தலையில் எந்த ஸ்டேஷன் எடுக்கிறது என்று கேட்கப் போகிறேன். டாக்டர் என்னை வெளியே அனுப்பினால் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன்.

அதுவரைக்கும் ஒன்று, அப்பா. வெளியே தனியாகப் போகாதீர்கள். குளிக்கும்போது கதவைத் தாழ்ப்பாள் போடாதீர்கள். ரோட்டைக் கடக்கும்போது அம்மா பேசாவிட்டாலும் பரவாயில்லை, அவள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தெருவே பார்த்தாலும் பிடித்துக்கொள்ளுங்கள்.

இதில் கேலி இல்லை.

வாலு